நீரோ டெனாரியஸ்: மெஷின் 94ங்குது, ஆராய்ச்சிக்காரங்க 80ங்கறாங்க, எதை நம்ப?

நெய்தல்காரன்
வணக்கம் மக்களே. இவ்ளோ நாள் ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் கேக்கறதுக்கு விஷயம் கெடச்சிருக்கு. இங்க இங்கிலாந்துல ஒரு ஏலத்துல ரோம் பேரரசன் நீரோவோட டெனாரியஸ் (அந்தக் காலத்து ரோமன் வெள்ளிக்காசு) ஒண்ணு எடுத்தேன். முன்பக்கம் கொழுத்த கழுத்தோட நீரோ தலை, பின்பக்கம் ஜூப்பிட்டர் சிம்மாசனத்துல உக்காந்திருக்காரு, யூப்பிட்டர் குஸ்டோஸ், அதாவது காக்கும் ஜூப்பிட்டர்னு எழுத்து. எடை 3.2 கிராம். தேஞ்சிருக்கு, ஆனா மூஞ்சி தெளிவா இருக்கு.

தெரிஞ்ச நகைக்கடைல எக்ஸ்ஆர்எஃப் மெஷின்ல (எக்ஸ்ரே அடிச்சு என்னென்ன உலோகம் எவ்ளோன்னு சொல்றது) வெச்சுப் பாத்தோம். வெள்ளி 94, மிச்சம் பெரும்பாலும் செம்பு, கொஞ்சம் காரீயம், துளியூண்டு தங்கம். இப்ப எனக்கு என்ன கொழப்பம்னா நீரோ கிபி 64ல காசை மாத்துனப்ப வெள்ளியை 80 சதவீதத்துக்கு எறக்கிட்டான்னு புது ஆராய்ச்சியெல்லாம் சொல்லுது, பழைய கேட்டலாக்ல 93 சொச்சம்னு இருக்கு, என் காசு பழைய கேட்டலாக் பக்கம் நிக்குது. அப்ப புதுசா சொல்றவங்க தப்பா, இல்ல என் காசு டூப்ளிகேட்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உரைகல்
தம்பி, மெஷின்ல கோளாறு இல்ல. ஆனா அது தோலை மட்டும்தான் பாக்கும். அந்த கதிர் வெள்ளிக்குள்ள முடி அளவு ஆழம்கூட ஒழுங்கா போகாது. உள்ள என்ன இருக்குன்னு அதுக்கு எப்பிடி தெரியும்?

நாங்க பரம்பரையா பட்டறைக்காரங்க. கொலுசு வேலை பண்ற எவனைக் கேட்டாலும் இதைச் சொல்லுவான். செம்பு கலந்த வெள்ளியை நெருப்புல காட்டுனா மேல கருத்துடும், அது செம்பு கரியறது. அப்புறம் ஆசிட் தண்ணில போட்டா (எங்க தாத்தா காலத்துல புளித்தண்ணில வேக வெப்பாங்க) அந்தக் கருப்பு கரைஞ்சு போயி வெளுப்பா வரும். அந்த வெளுப்புல செம்பு இல்ல, சுத்த வெள்ளி மட்டும்தான் நிக்கும். ரெண்டு மூணு தடவை இதே மாதிரி பண்ணிட்டா 80 டச் (80 சதவீதம் சுத்தம்) சரக்கு கூட பாக்கறதுக்கு 95 மாதிரி பளபளன்னு இருக்கும், மெஷினும் அப்பிடியே படிக்கும். ரோமாபுரிக்காரன் வெறும் தகட்டைக் காய்ச்சி, ஆசிட் மாதிரி எதுலயோ போட்டு எடுத்து, அதுக்கப்புறம் அச்சுக்கு நடுவுல வெச்சு சுத்தியால அடிச்சிருப்பான். அடி விழும்போது மேல இருக்கிற வெள்ளி நல்லா அமுங்கி இறுகிடும்.

அதனால 94 வந்துச்சேன்னு சந்தோஷமும் வேணாம் பயமும் வேணாம்.

லதா_கெமிஸ்ட்ரி
உரைகல் அண்ணன் சொன்னதேதான். இதுல இன்னொரு விஷயமும் சேருது. ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள கெடந்தா ஈரம் பட்டு பட்டு மேல்பக்கத்து செம்பு தானாவே கரைஞ்சு வெளிய போயிடும். ஆக அச்சடிச்சவன் கொஞ்சம் எடுத்தான், மண்ணு மிச்சத்தை எடுத்துச்சு.

பழைய கேட்டலாக்ல 93ன்னு இருக்கறதுக்கும் காரணம் இதேதான். 1970கள்ல வாக்கர்னு ஒரு ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான ரோமன் வெள்ளிக் காசுகளை இதே எக்ஸ்ரே முறையில அளந்தாரு. காசோட ஓரத்துல கொஞ்சம் சுரண்டிட்டுதான் அளந்தாரு, ஆனா அந்தச் சுரண்டல் பத்தல. ரொம்ப வருஷம் எல்லாரும் அந்த நம்பரைத்தான் எடுத்தாங்க. அப்புறம் கெவின் புட்சர், மேத்யூ பான்டிங்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க காசோட ஓரத்துல மெல்லிசா துளை போட்டு, முதல்ல வர்ற தூளைத் தூக்கிப் போட்டுட்டு உள்ளிருந்து வர்ற தூளை மட்டும் எடுத்து கரைச்சு அளந்தாங்க. அப்பதான் 64ம் வருஷ நீரோ காசு ஒடனே 80 பக்கம் விழுந்தது தெரிஞ்சது. பழைய கணக்குல சின்ன சறுக்கல் மாதிரி இருந்தது உண்மையில பெரிய பள்ளம்.

துளி தங்கம்னு மெஷின் காட்டுச்சே, அதுவும் நல்ல அறிகுறிதான். அந்தக் காலத்துல காரீயத்தோட உருக்கி ஊதி வெள்ளியைப் பிரிப்பாங்க, அதுல காரீயம் போயிடும் ஆனா தாதுல இருந்த தங்கம் வெள்ளியோடவே தங்கிடும். இன்னிக்கு கெடைக்கற சுத்திகரிச்ச வெள்ளியில பண்ணுன போலின்னா அந்தத் தங்கம் சாதாரணமா இருக்காது. ஆனா இதை மட்டும் வெச்சு அசல்னு முடிவு கட்டிடாதீங்க, பழைய வெள்ளியை உருக்கி போலி பண்றவனும் இருக்கான்.

கொங்குத்தம்பி
அப்ப நீரோ நாட்டையே ஏமாத்திருக்கான்னு சொல்லுங்க. ரோம் எரிஞ்சதும் 64தான், காசு கெட்டதும் 64தான். தங்க மாளிகை கட்ட காசு வேணும், சனங்க காசுல செம்பைக் கலந்துட்டான். வேற என்ன வேணும்

பழங்காசுப்பெட்டி
//வேற என்ன வேணும்//

கொஞ்சம் பொறுங்க தம்பி, அவ்ளோ சுளுவா முடிச்சிட முடியாது. கணக்கை முதல்ல பாப்போம்.

அகஸ்டஸ் காலத்துல ஒரு ரோமன் பவுண்டு வெள்ளிக்கு 84 டெனாரியஸ். அதாவது ஒரு காசு சுமார் 3.9 கிராம், சுத்தம் 97, 98. நீரோ 64ல பவுண்டுக்கு 96ன்னு மாத்தினான், சுமார் 3.4 கிராம். நெய்தல்காரன் கையில இருக்கறது தேய்மானம் போக 3.2, சரியா இருக்கு. எடை மட்டும் கொறைஞ்சிருந்தா எட்டுல ஒரு பங்குதான் நஷ்டம். கூடவே சுத்தமும் 80க்கு வந்ததால பழைய காசுல 3.8 கிராம் அசல் வெள்ளி இருந்த எடத்துல புதுசுல 2.7 கிராம்தான். 100 பழைய காசை உருக்குனா 140 புதுக்காசு அடிக்கலாம். அரசாங்கம் வரி வாங்கும்போது பழைய காசும் வரும், சம்பளம் குடுக்கும்போது புதுக்காசு போகும். லாபம் இல்லன்னு நான் சொல்ல வரல.

ஆனா தங்கத்தைப் பாருங்க. ஆரியஸ் தங்கக்காசை பவுண்டுக்கு 45ன்னு எறக்கினான், முன்னாடி 42 பக்கம் இருந்துச்சு, சுத்தத்துல கையே வெக்கல. ஒரு தங்கத்துக்கு 25 வெள்ளிங்கற வீதமும் அப்பிடியே இருந்துச்சு. அதாவது இனிமே வெள்ளிக்காசோட மதிப்பு அதுல இருக்கற வெள்ளியில இல்ல, 25 சேந்தா ஒரு தங்கம்னு அரசாங்கம் சொல்ற சொல்லுல இருக்கு. இது கண்ணை மூடிட்டு செம்பைக் கொட்டுன வேலை மாதிரி எனக்குத் தெரியல, உக்காந்து கணக்குப் போட்ட வேலை. இன்னொண்ணு, அதே நீரோ ஆட்சிக் கடைசியில, 68ல, வெள்ளியைத் திரும்ப 90 பக்கம் ஏத்தியிருக்கான். கலகம் வெடிச்சு சிப்பாய்ங்க கை மாறிட்டு இருக்கற நேரத்துல எதுக்கு நல்ல காசு அடிக்கணும்? சிப்பாய்க்குக் காசு தெரியும்ங்கறதுதான் என் பதில். அகஸ்டஸ் காலத்துலேந்தே லீஜியன் சிப்பாய்க்கு வருஷம் 225 டெனாரியஸ், மூணு தவணையா. பின்னாடி டொமிஷியன் பேரரசனா வந்துதான் 300 ஆக்கினான். வருஷம் பூரா ரத்தம் சிந்தி வாங்கற காசை எவனும் பாக்காம வாங்க மாட்டான்.

வெள்ளியைக் கெடுத்ததுல நீரோ முதல் ஆளும் இல்ல. மார்க் ஆண்டனி கிமு 32, 31ல ஆக்டியம் சண்டைக்கு முன்னாடி தன் படைக்குன்னு அடிச்ச லீஜியன் காசு இருக்கே, ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் கழுகுக்கொடி, கீழ படைப்பிரிவோட நம்பர், அது அன்னிக்கே மட்டமான வெள்ளின்னு பேரெடுத்தது. ஆண்டனி டெனாரியஸ்ல இரும்பு கலந்தான்னு பிளினிங்கற ரோமன் எழுத்தாளர் எழுதறாரு, உண்மையில அது செம்பு. அந்த மட்டக்காசுதான் எல்லாத்தையும் விட அதிக நாள் ஓடுச்சு, இருநூறு வருஷம் கழிச்சு பொதைச்ச குவியல்லயும் மொழுக்குன்னு தேஞ்சு போய் கெடைக்குது. நல்ல வெள்ளியை எல்லாரும் எடுத்து உருக்கிட்டாங்க, இதை எவனும் தொடல.

தாமிரபரணி77
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். பைபிள்ல வரி குடுக்கலாமான்னு கேக்கறப்ப இயேசு காசை வாங்கிப் பாத்து இது யாரோட உருவம்னு கேக்கறாரே, இராயனுடையதை இராயனுக்குன்னு சொல்றாரே, அது இந்த வகை காசுதானா? இணையத்துல அந்தக் காசுன்னே பேர் போட்டு விக்கறாங்க, விலையும் கூட

பழங்காசுப்பெட்டி
விக்கறது திபேரியஸ் காசு. முன்பக்கம் அவர் தலை, சுத்தி திபேரியஸ் சீசர், தெய்வீக அகஸ்டஸின் மகன்னு எழுத்து, பின்பக்கம் நாற்காலியில ஒரு பொம்பள கிளையும் கோலும் புடிச்சு உக்காந்திருப்பா, தலைமைப் பூசாரிங்கற பட்டம் சுத்தி இருக்கும். அவ அகஸ்டஸ் மனைவி லிவியான்னு பொதுவா சொல்லுவாங்க, அந்தம்மா திபேரியஸோட தாயாரும்கூட. திபேரியஸ் 14லேந்து 37 வரைக்கும் ஆண்டாரு, வெள்ளியில ஆரம்பத்துல வேற ஒண்ணு ரெண்டு டிசைன் போட்டதோட சரி, மிச்ச காலம் பூரா இதே நாற்காலிப் பொம்பளதான். நாற்காலிக் காலு மொழுக்குனு இருக்கா, கடைஞ்சு வெச்சிருக்கா, அடியில கோடு ஒண்ணா ரெண்டான்னு பாத்து வரிசைப்படுத்தற அளவுக்கு ஒரே மாதிரி. அடிச்சது பெரும்பாலும் காலியா நாட்டுல லுக்டுனும், இன்னிக்கு பிரான்ஸ்ல லியோன் நகரம்.

சுவிசேஷத்துல டெனாரியஸ்னுதான் இருக்கு, ஆண்டது திபேரியஸ், அதனால இந்தக் காசுன்னு சேத்துக்கிட்டாங்க. ஆனா அந்த வருஷங்கள்ல யூதேயா பக்கம் வெள்ளின்னா அதிகம் பொழங்குனது தீர் நகரத்து ஷெக்கேலும் அந்தியோக்கியா காசும்தான், ரோமன் டெனாரியஸ் அங்க மண்ணுல கம்மியாத்தான் கெடைக்குது. அகஸ்டஸ் காசாவும் இருந்திருக்கலாம். ஆலயத்துக்குக் கட்டுற காணிக்கை தீர் ஷெக்கேல்ல, ரோமுக்கு வரி ராயன் தலை போட்ட காசுல, ரெண்டும் வேற வேற. பேருக்காக விலை ஏத்தி விக்கறாங்க, அவ்ளோதான். வாங்கணும்னு ஆசைன்னா வாங்குங்க, அபூர்வம்னு நெனச்சு வாங்காதீங்க.

தாமிரபரணி77
நன்றி ஐயா. விலையைக் கேட்டதுமே ஆசை போயிடுச்சு 😀

வல்வைப்பொடியன்
எல்லாருக்கும் வணக்கம். பிளினியை இழுத்திட்டியள், அப்ப எங்கட ஊர்க் கதையையும் சொல்லத்தானே வேணும். நீரோவுக்கு முந்தி ஆண்ட கிளவுடியஸ் காலத்தில அன்னியஸ் பிளோகாமஸ் எண்ட வரிக் குத்தகைக்காரற்ற ஆள் ஒருத்தர், விடுதலையான அடிமை, அரேபியாப் பக்கம் போகேக்க காத்தடிச்சு இலங்கைக்கு வந்து சேந்திட்டார் எண்டு பிளினி எழுதுறார். அவரிட்ட இருந்த டெனாரியஸ் எல்லாத்தையும் அரசர் வாங்கிப் பாத்தாராம். தலைகள் வேற வேற, ஆனா எடை எல்லாம் ஒண்டு. வேற வேற ஆக்கள் அடிச்சும் எடை மாறேல்லையே, இவங்கள் நேர்மையானவங்கள் எண்டு சொல்லி அரசர் ரோமுக்குத் தூது அனுப்பினாராம்.

கதை எவ்வளவு உண்மையோ, அந்தக் குடும்பம் மெய்யாவே இருந்தது. எகிப்தில கொப்டோஸுக்கும் பெரெனிகே துறைமுகத்துக்கும் இடையில பாலைவனப் பாதையில ஒரு பாறையில லிசாஸ் எண்டு ஒருத்தன், அன்னியஸ் பிளோகாமஸ்ட ஆள் எண்டு சொல்லி, கிரேக்கத்திலயும் லத்தீனிலயும் பேர் வெட்டி வச்சிருக்கிறான். அது கிபி 6ம் ஆண்டு.

எனக்கு இதில பிடிச்சது என்னெண்டா, பிளினி இதை எழுதினது நீரோ எடையைக் குறைச்சதுக்குப் பிறகு. வாசிக்கிற ரோமன் ஒவ்வொருத்தனுக்கும் இப்ப எடை ஒண்டில்லை எண்டு தெரியும். மனுசன் குத்திக் காட்டுறாரோ எண்டு எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்.

கொங்குத்தம்பி
அருமைங்க வல்வை. இப்ப எங்கூர் கதைக்கு வரேன். வெள்ளலூர்ல 1842ல 522 டெனாரியஸ் ஒரே எடத்துல கெடச்சுது, பெரும்பாலும் திபேரியஸ், அடுத்து அகஸ்டஸ். பொள்ளாச்சி, கரூர், அந்தாண்ட தெலங்கானா பக்கம் அக்கன்பள்ளில 1531. எல்லா எடத்துலயும் இதே ரெண்டு ராசாவோட காசு, நீரோ மாத்துனதுக்கு அப்புறம் அடிச்ச வெள்ளி தேடுனாலும் கெடைக்க மாட்டேங்குது. இதுலயே தெரியலீங்களா, நம்ம ஆளுங்க நீரோ காசைத் தொட்டுப் பாத்துட்டு வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்த ஏவாரிகிட்ட படியூர் பச்சைக்கல்லைக் குடுத்துட்டு செம்பு கலந்த காசை வாங்குவாங்களா

பழங்காசுப்பெட்டி
முடிவு சரியா இருக்கலாம், ஆனா இடையில நெறைய ஓட்டை இருக்கு.

அகஸ்டஸ் காசுன்னீங்க, எந்த அகஸ்டஸ் காசு? அவர் எத்தனையோ டிசைன் போட்டாரு. இந்தியாவுல குவியல் குவியலா கெடைக்கறது அதுல ஒண்ணு மட்டும்தான். அவரோட பேரப் பசங்க கயஸும் லூசியஸும் நின்னுட்டிருப்பாங்க, நடுவுல கேடயமும் ஈட்டியும். கிமு 2ல ஆரம்பிச்சு லியோன்ல அடிச்சது. அதுக்கு அப்புறம் திபேரியஸ் நாற்காலிப் பொம்பள. இந்த ரெண்டே ரெண்டு டிசைன்தான் தெற்கு இந்திய வெள்ளிக் குவியல்ல பெரும்பங்கு. அப்ப இது ராசாவைப் பாத்து எடுத்தது இல்ல, படத்தைப் பாத்து எடுத்தது. ஒருத்தன் ஒரு தடவை வாங்கி நல்ல வெள்ளின்னு தெரிஞ்சுக்கிட்டா அடுத்த தடவையும் அதே படம் வேணும்பான். ரோமன் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் இதையே ஜெர்மானியரைப் பத்தி எழுதறாரு, அவங்க ஓரத்துல பல் வெட்டுன பழைய காசையும் ரெட்டைக் குதிரை வண்டி போட்ட பழைய காசையும்தான் நம்பி வாங்குவாங்களாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த ரெண்டு டிசைனும் அந்த வருஷங்கள்ல லியோன்ல மலை மலையா அடிச்சது. அதுக்கப்புறம் காலிகுலா, கிளவுடியஸ் ஆட்சியில வெள்ளி ரொம்பக் கம்மியாத்தான் அடிச்சாங்க, கிளவுடியஸோட பிரிட்டன் வெற்றி வளைவு போட்ட காசெல்லாம் எந்த நாட்டுலயும் அபூர்வம். அப்ப கையில எது நெறைய இருந்துச்சோ அது வந்துச்சுன்னும் சொல்லலாம்.

எப்ப வந்துச்சுங்கறது தனிச் சண்டை. காசு அடிச்ச தேதியும் கப்பல் ஏறுன தேதியும் ஒண்ணு இல்ல. திருச்சூர் பக்கம் எய்யால் குவியலைப் பாருங்க, 12 தங்கம், 71 வெள்ளி, கூட நம்மூர் முத்திரை வெள்ளிக்காசு. தங்கத்துல நீரோவுக்கு ரொம்பப் பின்னாடி வந்த டிராஜன் பேரரசன் வரைக்கும் வருது. அதாவது 98க்கு அப்புறம் பொதைச்ச பானையில பழைய வெள்ளி. நீரோ மாத்துனதுக்கு அப்புறம் பழைய நல்ல வெள்ளியா பொறுக்கி எடுத்து இந்தியாவுக்குன்னே மூட்டை கட்டி அனுப்பியிருக்கலாம்னு ஒரு கூட்டம் சொல்லுது. அப்பவே வந்து இங்க வீட்டுப் பொட்டியில கெடந்துச்சுன்னு இன்னொரு கூட்டம். நான் முதல் கூட்டத்துப் பக்கம் சாயறேன்.

உரைகல்
அந்த வெட்டுக்காயம் பத்தி யாரும் பேசலையே. அக்கன்பள்ளி வெள்ளியிலயும் புதுக்கோட்டை தங்கத்துலயும் ராசா மூஞ்சில உளியால வெட்டு போட்டிருக்கு. நம்மூரு ஆளு மெஷினும் இல்லாம துளையும் போடாம தோலுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாத்திருக்கான். ஏன்னா அந்தக் காலத்துலயே செம்புத்துண்டு மேல வெள்ளித் தகடு சுத்தி சூடாக்கி ஒட்ட வெச்சு அடிச்ச காசு ஏகப்பட்டது இருந்துச்சு. உரைகல்லுல உரசுனா மேல்தகடுதான் உரசும், கண்டுபுடிக்க முடியாது. ஒரே வெட்டு, உள்ள சேப்பு தெரிஞ்சா தூக்கி எறி.

லதா_கெமிஸ்ட்ரி
அண்ணே, தங்கத்துக்கு அது பொருந்துமா? வெட்டு எப்பவும் கரெக்டா தலைமேலயே விழுது. சோதனைக்குன்னா ஓரத்துல வெட்டுனா போதுமே, எதுக்கு மூஞ்சி. இனிமே இது காசு இல்ல, வெறும் உலோகம்னு செல்லாததாக்க வெட்டுனாங்கன்னும் ஒரு விளக்கம் இருக்கு.

உரைகல்
ஓரத்துல மெல்லிசா இருக்கும், அங்க வெட்டுனா காசு ரெண்டாப் போயிடும். தலை இருக்கற எடம்தான் மேடு, கனம் அதிகம், ஆழமா பாக்கலாம். பட்டறையில உக்காந்தவனுக்குத்தான் இது புரியும் 🙂

லதா_கெமிஸ்ட்ரி
ஒத்துக்கவும் முடியல மறுக்கவும் முடியல.

தகடு சுத்துன காசு பத்தி பிளினி இன்னொண்ணும் சொல்றாரு. நல்லா பண்ணுன கள்ள டெனாரியஸ் ஒண்ணை மாதிரிக்கு வெச்சுக்க பல நல்ல டெனாரியஸ் குடுத்து வாங்கறவங்க இருந்தாங்களாம். காசு பாக்கறவங்க பழகறதுக்கு வாங்கியிருப்பாங்க. கள்ளக்காசுக்கு நல்ல காசை விட விலை ஜாஸ்தி!

கொங்குத்தம்பி
எபிக்டெட்டஸ்ங்கற தத்துவ ஆசான் கூட நீரோ காசு வந்தா தூக்கி எறி, இது செல்லாதுன்னு சொல்றாரு பாருங்க, டிராஜன் காசுன்னா எடுத்துக்கோம்பாரு. இதுக்கு மேல சாட்சி வேணுமா

பழங்காசுப்பெட்டி
அவர் அங்க பேசறது செஸ்டர்ஷியஸ், அது பித்தளை தம்பி. பித்தளையில வெள்ளி கலப்படம் எங்க வந்துச்சு? ஒரு மனுஷனோட குணத்தைப் பத்தி பேச உவமைக்கு எடுத்தது. நீரோ பேரு கெட்டுப்போனதுக்கு அது சாட்சி, வெள்ளிக்கு இல்ல.

நெய்தல்காரன்
பின்னிட்டீங்க எல்லாரும். நான் ஒரு காசு கேட்டேன், நீங்க ஒரு சாம்ராஜ்யத்தையே எறக்கி வெச்சிட்டீங்க. சரி, துளை போடாம நான் எப்பிடி உள்ள பாக்கறது? வெட்டச் சொல்லிடாதீங்க உரைகல் அண்ணே

லதா_கெமிஸ்ட்ரி
தண்ணியில எடை போடுங்க. வெள்ளி அடர்த்தி 10.5, செம்பு 8.96. 80க்கு 20 கலவைன்னா 10.15 வரும், 93 வெள்ளின்னா 10.37. உங்க 3.2 கிராம் காசைத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டா 80 சரக்கு 0.315 கிராம் எடை இழக்கும், 93 சரக்கு 0.308. வித்தியாசம் வெறும் 7 மில்லிகிராம். அதனால கிச்சன் தராசு, நகைத் தராசு ரெண்டும் ஆகாது, லேப்ல இருக்கற ஒரு மில்லிகிராமுக்குக் கீழ காட்டற தராசு வேணும். காசு மேல காத்துக்குமிழி ஒட்டக்கூடாது, தண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வெச்சுக்கோங்க, ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு விடுங்க, காசைக் கட்டற நூல் தலைமுடி மாதிரி மெல்லிசா இருக்கணும். முக்கியமா, மண்ணுல அரிச்சுப்போன காசுக்கு உள்ள பஞ்சு மாதிரி ஓட்டை இருக்கும், அதுக்கு இந்தக் கணக்கு பொய் சொல்லும், அடர்த்தி கொறைச்சலா காட்டி வெள்ளியும் கம்மின்னு நெனக்க வெக்கும்.

நெய்தல்காரன்
ஆபீஸ்ல லேப் இருக்கு, ஃப்ரெண்டைக் கெஞ்சிப் பாக்கறேன்.

சேகரிப்பு_புதுசு
ஐயா நான் கரூர் பக்கம். ஒரு நண்பர் தோட்டத்துல கெணறு தூர் வாரும்போது வெள்ளிக்காசு கெடச்சிருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு, வாங்கலாமா? போட்டோ அனுப்பறேன்

நெறியாளர்
போட்டோ போட வேண்டாம், விலையும் பேச வேண்டாம். மண்ணுல பத்து ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையல் கெடச்சா கலெக்டருக்குத் தகவல் குடுக்கணும்னு 1878ம் வருஷச் சட்டமே இருக்கு. நூறு வருஷத்துக்கு மேலான காசு 1972ம் வருஷச் சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. உங்க நண்பரை தாசில்தார் ஆபீஸுக்குப் போகச் சொல்லுங்க. கெணத்துல கெடச்சதுன்னு கதை சொல்லி வார்ப்புக் காசு விக்கற கும்பலும் இருக்கு, அதுக்கும் சேத்துதான் சொல்றேன்.

பழங்காசுப்பெட்டி
நெறியாளர் சொன்னதோட ஒண்ணு. வார்ப்புன்னா ஓரத்துல ரம்பம் போட்ட தடம், லென்ஸ்ல பாத்தா மேல சின்னச் சின்ன குழி, எழுத்தோட விளிம்பு கொழகொழன்னு இருக்கும். ஒரே மூட்டையில பத்து காசு இருந்து பத்தும் ஒரே எடத்துல தேஞ்சிருந்தா ஓடிடுங்க.

நெய்தல்காரன்
தண்ணி எடை போட்டாச்சு. பல தடவை போட்டுப் பாத்தோம், எல்லாம் 10.16க்கும் 10.2க்கும் நடுவுல நிக்குது. லதாக்கா கணக்குப்படி 81லேந்து 83 வெள்ளி. எக்ஸ்ஆர்எஃப் மறுபடி வெச்சா அதே 94. காசு அரிப்பு இல்லாம கெட்டியாத்தான் இருக்கு.

உரைகல்
அசல் சரக்குதான். நல்லா வெளுத்திருக்கான் பாவி.

கொங்குத்தம்பி
ஒரு கடைசி சந்தேகம் பெட்டி அண்ணே. இந்த வெள்ளியெல்லாம் எகிப்து வழியாத்தானே கப்பல் ஏறுச்சு. எகிப்துலயும் இதே டெனாரியஸ்தான் ஓடுச்சா? அங்க குவியல் கெடைக்குதா?

பழங்காசுப்பெட்டி
நல்ல கேள்வி. கெடைக்கறது ரொம்பக் கம்மி. எகிப்து தனிக் குடித்தனம். வெளிக்காசு உள்ள ஓடாது, அலெக்சாண்ட்ரியாவுல அடிச்ச டெட்ராட்ராக்ம்தான் ஓடும். திபேரியஸ் அவரோட ஏழாம் ஆட்சி வருஷத்துல அதைத் திரும்ப ஆரம்பிச்சாரு, செம்பு தூக்கலா கலந்த வெள்ளி. நீரோ ஆட்சிப் பின்பாதியில அதைக் கணக்கு வழக்கில்லாம அடிச்சாங்க, அதுல வெள்ளி ஆறுல ஒரு பங்கு தேறுனா பெருசு. அப்பிடி இருந்தும் ஒரு டெனாரியஸுக்குச் சமம்னு கணக்கு. நாடு பூரா அதை வாங்கிக் குடுத்துட்டு இருந்துச்சு, கலவரம் ஒண்ணும் வரல.

அதனால லியோன்ல அடிச்ச காசு இத்தாலிக்கு வந்து, புத்தேயோலி மாதிரி துறைமுகத்துல கப்பல் ஏறி, எகிப்துல எறங்கி, நைல்ல கொப்டோஸ் வரைக்கும் போயி, ஒட்டகத்து மேல பாலைவனம் தாண்டி, பெரெனிகேயில மறுபடி கப்பல் ஏறி சேர நாட்டு முசிறித் துறைமுகத்துக்கு வந்திருக்கு. வழியில எகிப்துச் சந்தையில அதை யாரும் செலவு பண்ணல. பெரிப்ளஸ்ங்கற பழைய கடல்வழிக் கையேட்டை எழுதுன மாலுமியும் முசிறிக்கு எடுத்துட்டுப் போற சரக்குல முதல் சரக்கா காசைத்தான் சொல்றான். பருகச்சத்துக்கும் (இன்னிக்கு குஜராத்ல பரூச்) தங்க, வெள்ளி டெனாரியஸ் போகும், உள்ளூர் காசுக்கு மாத்துனா லாபம்னு தனியா எழுதறான். இந்தக் காசு வழியில கைமாறி கைமாறி தானா வந்து சேரல தம்பி, மிளகு வாங்கன்னே எண்ணி எடுத்துட்டு வந்தது. எண்ணி எடுக்கறவன் நல்ல வெள்ளியா பாத்து எடுத்திருப்பான்னு நான் சொல்றதுக்கு அடிப்படை இதான்.

வல்வைப்பொடியன்
அப்பிடியெண்டா வந்த வெள்ளி எல்லாம் எங்க போச்சுது? குவியலில கிடைக்கிறது கொஞ்சந்தானே.

கொங்குத்தம்பி
உருக்கிட்டாங்க. கரூர்ல கெடச்ச மாக்கோதை வெள்ளிக்காசைப் பாருங்க, சேர ராசா தலை, ரோமன் தலை மாதிரியே பக்கவாட்டுல. தெக்க வெள்ளி வெட்டி எடுக்க சுரங்கம் எங்க இருந்துச்சு? அந்த வெள்ளி எங்கிருந்து வந்துச்சுன்னு யாராச்சும் துளை போட்டுப் பாக்கணும்.

லதா_கெமிஸ்ட்ரி
துளையில வர்ற தூள்ல காரீய ஐசோடோப்பை அளந்தா எந்தச் சுரங்கத்துத் தாதுன்னு ஓரளவு சொல்லலாம். ஸ்பெயின் வெள்ளிக்கு ஒரு மாதிரி வரும், கிரேக்கத்து வெள்ளிக்கு வேற மாதிரி. ஆனா பல எடத்து வெள்ளியைச் சேத்து உருக்கியிருந்தா நம்பர் கலங்கிடும்.

நெறியாளர்
சேரர் காசுக்குத் தனி இழை ஏற்கெனவே இருக்கு, மேற்கொண்டு அங்க தொடருங்க.

கொங்குத்தம்பி
வரேனுங்க. பெட்டி அண்ணே, நீங்களும் வாங்க, அங்க ஒருத்தர் மாக்கோதை காசை கிரேக்கக் காசைப் பாத்துதான் அடிச்சாங்கன்னு அடம் புடிச்சிட்டு இருக்காரு.